பதினாலு குறையும் ஒரு ஸ்டெப்னியும்

போன வருஷம் மே மாதம், பள்ளிக்கூட லீவில், ஒரு வியாழக்கிழமை நடந்தது இது. செங்கல்பட்டில் வண்டிகளுக்கு எஃப்.சி. காட்டுகிற மைதானத்தில் ஆரம்பித்தது. அன்றைக்கு மத்தியானமே போத்தேரியில் ஒரு கல்லூரி கேட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்னும் முடிந்தபாடில்லை.

நான் கணக்கு டீச்சர். புதுப்பட்டினத்தில் வீடு, பக்கத்திலேயே ஒரு பெண்கள் பள்ளியில் வேலை. என்னிடம் ஒரு சின்ன வெள்ளைக் கார் இருக்கிறது. வேறொருவர் ஓட்டி அலுத்த பிறகு நான் வாங்கியது. என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்ட வராது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு காலால் தரையை மிதித்து பிரேக் போட மட்டும் நன்றாக வரும். அந்தக் காருக்குப் பதினைந்து வருஷம் முடியப்போகிறது, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

காரணம், கேட்ட ஆளுக்கு ஒரு பதில் வந்தது. மெக்கானிக், "கதவுல ஒடுக்கு கீது பாருங்க, டிங்கர் வேலை பாக்காம போனா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். எங்கள் பள்ளி பி.டி. சார், வண்டி தானாக உருண்டு வந்து நின்றாலே பாஸ் என்றார். இன்டர்நெட்டில் ஒருவர் இருபத்தைந்து விஷயம் பார்ப்பார்கள் என்று வீடியோ போட்டிருந்தார். அதிலெல்லாம் பாதி சும்மா என்று இன்னொருவர் வீடியோ போட்டிருந்தார். இரண்டுக்கும் கீழே ஜனங்கள் அடித்துக்கொண்டு கிடந்தார்கள். சின்னச் சின்னக் குறைகள் கணக்கில் வருமா வராதா, இதுதான் கேள்வி. நேரான ஒரு கேள்விக்கு நேரான ஒரு பதில் கிடைக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். தொழில் அப்படி.

கடைசியில் ஒரு நோட்டை எடுத்து, காரைச் சுற்றி வந்து, குறைகளை எழுதினேன். பதினாலு தேறியது. இடது பக்கப் பின்கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். முன்கண்ணாடி மூலையில் நகம் நீளத்துக்கு ஒரு விரிசல். ஹாரன், சளி பிடித்த ஆடு மாதிரி. சைடு மிரரில் டேப். இப்படியே போகும். எது ரெண்டு மார்க், எது அஞ்சு மார்க் என்று பக்கத்தில் சிவப்புப் பேனாவில் போட்டும் வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் கூட்டினா கார் ஃபெயில்தான்" என்றார்.

பதினாலாவது குறை, ஸ்டெப்னி. டிக்கியில் கிடந்த அந்த மாற்று டயரை மூன்று வருஷமாக நான் தொட்டதே இல்லை. பட்டன் எல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. மற்றதில் முடிந்ததை ஒவ்வொன்றாகச் சரி பண்ண ஆரம்பித்துவிட்டேன். நான் ஒருதரம்கூட மாட்டாத டயருக்குப் பதில் புதுசு வாங்க மட்டும் மனசு வரவில்லை. அப்போதுதான் மெக்கானிக் அந்த யோசனையைச் சொன்னார். ஒருநாளைக்கு யாரிடமாவது நல்ல ஸ்டெப்னி இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானாம். எல்லாரும் அப்படித்தானாம்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு டாக்ஸி டிரைவர் இருக்கிறார். முப்பத்தைந்து வயசிருக்கும். அவருடைய காரும் என்னுடையதும் ஒரே மாடல், அவருடையது புதுசு. அவரைத்தான் கேட்டேன்.

"இன்னா டீச்சர், இதுக்குப் போயி மூஞ்ச இப்டி வச்சிகினு கீறீங்க? ஒரு நாளைக்குத்தான, எடுத்துகினு போங்க" என்றார்.

இங்கேதான் இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் பிளஸ் டூ படித்து முடித்த ஒரு பெண். சதுரங்கப்பட்டினத்துப் பெண். அம்மா தலையில் கூடை வைத்து மீன் விற்று அவளைப் படிக்கவைத்தார். பதினெட்டு வருஷத்தில் நான் பார்த்த பிள்ளைகளில் கணக்கு அவ்வளவு தானாக வந்தது அவளுக்குத்தான். இன்ஜினீயரிங் சேர ஒரு நுழைவுத் தேர்வு, கம்ப்யூட்டரில் எழுதுவது. நான்தான் விண்ணப்பம் போட வைத்தேன். சென்டர் போத்தேரியில் விழுந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு ஆண்டவனே வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். அந்தத் தேர்வை விட்டால் மறுபடி எழுத ஒரு வருஷம் ஆகும்.

தேர்வும் என் எஃப்.சி.யும் ஒரே நாளில் வந்தன. நான் வண்டி காட்டுகிற தேதியை மாற்றிக்கொண்டு அவளோடு போயிருக்கலாம். ஆனால் அந்த நோட்டை வைத்துக்கொண்டு இன்னொரு வாரம் தூக்கமில்லாமல் புரள என்னால் ஆகாது என்று பட்டது. அதனால் அதே டிரைவரைத்தான் அவளுக்கும் ஏற்பாடு பண்ணினேன். பஸ், ரயில் என்று மே மாத வெயிலில் மாறி மாறிப் போய்ப் பிள்ளை வாடிவிட வேண்டாம், காரில் நிம்மதியாகப் போகட்டும் என்று. அவரும் நம்ம ஊர்ப் பொண்ணு என்று வாடகைப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் இரண்டு டிக்கியையும் திறந்து வைத்து ஸ்டெப்னியை மாற்றினோம். அவருடைய புது டயர் என் காருக்குள் போனது. என் மொட்டை டயரைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இது காத்து நிக்குமா டீச்சர்?"

"அதெல்லாம் நிக்கும். கொஞ்சம் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மூன்று வருஷமாக அதைத் தொடாதவள் நான். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி ஒரு விடையைச் சொல்லியிருந்தால், 'எப்படி வந்தது, வழியைக் காட்டு' என்று பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன். ஆனால் டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் அதைத் தன் டிக்கியில் போட்டு மூடினார்.

மறுநாள் காலையில் ஒன்பதரைக்கெல்லாம் நான் மைதானத்தில் இருந்தேன். என்னைத் தவிர ஒரு பெண் இல்லை. வேன், ஆட்டோ, லாரி என்று வரிசையாக நின்றன. புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. அங்கே போன பிறகுதான் மெக்கானிக் சொன்னது உண்மை என்று தெரிந்தது. ஒரே ஒரு தீயணைப்பு சிலிண்டர் மூன்று வேன்களுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு முதலுதவிப் பெட்டியின் மேல் வேறு ஏதோ வண்டியின் நம்பர் எழுதியிருந்தது. யாரும் யாரையும் தப்பாக நினைக்கவில்லை. "அண்ணாத்த, முடிஞ்சா இப்டித் தள்ளு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இரவல் டயரோடு வந்திருக்கிற நான் மட்டும் தனி ஆள் இல்லை என்று எனக்குக்கூட ஒரு தைரியம் வந்தது.

என் முறை வர பதினொன்றேகால் ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர் பேசும்போது போன் அடித்தால் மரியாதையாக இருக்காது என்று, வகுப்புக்குப் போகும்போது செய்வது மாதிரி, போனைச் சத்தமில்லாமல் பண்ணிக் கைப்பைக்குள் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். சேசிஸ் நம்பரைப் பார்த்தார். பிரேக் அடிக்கச் சொன்னார். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், சீட் பெல்ட் எல்லாம் வரிசையாகப் பார்த்தார். நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். கதவில் இருந்த ஒடுக்கை, நானே முந்திக்கொண்டு காட்டினேன். விரிசலையும் காட்டினேன். அவர் விரிசலை ஒருதரம் குனிந்து பார்த்தார், ஒடுக்கைப் பார்க்கவே இல்லை.

"டிக்கியைத் திறக்கட்டுமா சார்? ஸ்டெப்னி நல்லாருக்கு சார்" என்றேன்.

"இருக்கட்டும்மா" என்று பின்பக்கம் போய் நின்றார். "நம்பர் பிளேட் லைட் எரியலையே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம்பர் பிளேட்டுக்கு லைட்டா? பதினாலு குறை எழுதினேனே, அதில் இது இல்லையே! நம்பர் பிளேட்டுக்கு மேலே சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பல்பு இருக்கிறது, அது ராத்திரியில் நம்பரைக் காட்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாற்றிவிட்டு வாருங்கள், இன்றைக்கே பார்த்துவிடலாம் என்றார். நான் விடவில்லை. மற்றதெல்லாம் என்ன ஆச்சு சார், ஒடுக்கு, மிரர் டேப், பின்கதவு என்று பட்டியலை நீட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒடுக்கு உங்க பிரச்னைம்மா. லைட்டு, பின்னாடி வர்றவன் பிரச்னை. நாங்க முக்கியமா அவனுக்காகத்தான் பாக்கறோம்."

சரி என்றும் பட்டது, சரியில்லை என்றும் பட்டது. அப்படியானால் நான் ஒரு மாசம் தூக்கம் கெட்டது எதற்கு? வரிசையில் நின்ற ஒரு வேன் டிரைவர், முன்பின் தெரியாதவர், என் முழிப்பைப் பார்த்துவிட்டு எதிரே கடையிலிருந்து ஒரு பல்பு வாங்கிவரச் சொல்லி, அவரே மாட்டியும் கொடுத்தார். பிறகு மறுபடி வரிசை. இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து, பல்பு எரிகிறதா என்று பார்த்து, எழுதிக்கொண்டு போனார். பாஸ். பன்னிரண்டரை மணி. எனக்கு ஏதோ நானே பரீட்சை எழுதிப் பாஸானது மாதிரி இருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன்.

பதினோரு மிஸ்டு கால். எல்லாம் டிரைவருடையது.

கூப்பிட்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டின ரோட்டில் டயர் பஞ்சர் என்றார். கடை எதுவும் பக்கத்தில் இல்லை. எத்தனையோ வண்டிக்குக் கை காட்டியிருக்கிறார், ஒன்றும் நிற்கவில்லையாம். கடைசியில் வந்த பஸ்ஸில் பெண்ணை ஏற்றி அனுப்பியிருக்கிறார். "பாப்பா இப்ப செங்கல்பட்டு வந்துகினு இருக்கும் டீச்சர், நீங்க கொஞ்சம் இட்டுகினு போயிருங்க, நேரம் ஆயிடுச்சி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டினேன். பன்னிரண்டே முக்காலுக்கு அவள் இறங்கினாள். ஹால் டிக்கெட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தேன். முன்னால் லாரிகள், அடைத்துக்கொண்டு பஸ்கள். நான் வாழ்க்கையில் அப்படி வண்டி ஓட்டியதில்லை.

பாதி வழியில், என்னதான் ஆச்சு என்று கேட்டேன்.

"பஞ்சர் ஆனதும் அந்த அண்ணன் ஸ்டெப்னி மாட்டிச்சி மிஸ். ரெண்டு கிலோமீட்டர்கூட வரல. அதுவும் காத்து எறங்கிடுச்சி."

அது என் டயர். அவருடைய நல்ல டயர் என் முதுகுக்குப் பின்னால், டிக்கியில், யாரும் திறந்துகூடப் பார்க்காமல் இருக்கிறது. என் வண்டியின் குறையை நான் சரி பண்ணவே இல்லை. அதைத் தூக்கி இந்தப் பிள்ளை போகிற வண்டியில் வைத்துவிட்டேன்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "டிரைவர்னா ஸ்டெப்னியெல்லாம் பாத்து வச்சிக்க வேணாமா? என்ன ஆளு!"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பயத்தில், பதற்றத்தில், பழக்கத்தில் வந்தது. வகுப்பில் ஏதாவது உடைந்தால் 'யார் செஞ்சது' என்றுதானே முதலில் வாயில் வரும், அது மாதிரி. அவள் என்னைத் திரும்பி ஒருதரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேட் முன்னால் போய் நிற்கும்போது ஒன்று எட்டு. மூடியிருந்தது. எட்டு நிமிஷம்தானே என்று கெஞ்சினேன். நான் டீச்சர், தப்பு என்னுடையது, பிள்ளையை விடுங்கள் என்றுகூடச் சொன்னேன். பாருங்கள், யாரென்றே தெரியாத செக்யூரிட்டியிடம் அது சுலபமாக வந்துவிட்டது. அவள் கொஞ்சம் தள்ளி மர நிழலில் நின்றிருந்ததால் காதில் விழவில்லை. செக்யூரிட்டி அய்யா என்ன செய்வார், ரூல் என்று கையை விரித்தார். நான்தான் அழுதேன். அவள் அழவில்லை. தண்ணி இருக்கா மிஸ் என்று கேட்டு வாங்கிக் குடித்தாள்.

சதுரங்கப்பட்டினத்துக்கு வந்து சேரும்போது டிரைவரும் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்து அவர்கள் தெருவில் நின்றிருந்தார். சேதி முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. பெண்ணின் அம்மா நடுத்தெருவில் நின்று அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஸ்டெப்னிகூட ஒழுங்கா வச்சிக்கத் துப்பில்ல, நீயெல்லாம் இன்னாத்துக்குடா வண்டி ஓட்ற? எம் பொண்ணோட ஒரு வருசத்தத் தின்னுட்டியேடா!"

தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் என் கார் பக்கத்தில் நின்றேன். நடுவில் போய், "விடும்மா, அவர் வேணும்னா செஞ்சார்?" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், டீச்சருக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்கிற மாதிரி. இதை எழுதும்போது கூசுகிறது.

சாயங்காலம் டயரை மாற்றிக்கொள்ள அவர் வந்தார். மன்னிப்புக் கேட்டேன், கையெடுத்துக் கும்பிட்டேன். நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லி இன்னா ஆவப்போவுது டீச்சர்? என்னிய ரெண்டு நாளு திட்டுவாங்க, வுட்ருவாங்க. நீங்க பாடம் சொல்லிக் குடுக்கறவங்க. உங்களப் பேசினா அது வேற மாதிரி ஆயிடும். வுடுங்க, டயரு இன்னா சொல்லிட்டா காத்து எறங்குது" என்று தன் டயரை எடுத்துக்கொண்டு போனார்.

ரெண்டு நாளில் விடவில்லை. அந்தத் தெருவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எல்லாம் அதுவரை அவரைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது வேறு வண்டியைக் கூப்பிட்டார்கள். அவர் கார் வாசலிலேயே நிற்பதைப் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். பார்த்துக்கொண்டு பதினோரு நாள் இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. பிள்ளை இப்போதுதான் தேறி வருகிறாள். அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொன்னால் தேர்வு திரும்ப வரவா போகிறது? எல்லாமே நியாயமான காரணங்களாகத்தான் தெரிந்தன. அதுதான் எனக்குக் குழப்பம். தப்பான கணக்கில் ஒவ்வொரு வரியும் சரியாகவே இருக்குமா?

பன்னிரண்டாவது நாள் போனேன். அந்த ஊர்ப் பழைய கோட்டைக்குப் பின்னால் அவர்கள் வீடு. அம்மா வியாபாரத்திலிருந்து வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். பெண் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க மிஸ்ஸு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே சொல்லி முடித்தேன். டயர் என்னுடையது, அவருடைய நல்ல டயரை நான் இரவல் வாங்கியது, காற்று நிற்கும் என்று தெரியாமலே சொன்னது, அன்றைக்குத் தெருவில் உண்மையைச் சொல்லாமல் நின்றது, எல்லாம்.

அவர் கழுவுவதை நிறுத்தினார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன், திட்ட வேண்டும் என்றுகூட இருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "அந்த ஆள நடுத்தெருவுல நிக்க வச்சி நாயா பேசினேனே" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி விறுவிறுவென்று தெருவில் இறங்கிப் போய்விட்டார். டிரைவர் வீட்டுக்குத்தான். என்னைப் போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் நானும் அவளும். நான் அவள் முகத்தைப் பார்த்து, உனக்கு என் மேல் கோபம் இருக்கும் என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும் மிஸ்" என்றாள். "அன்னிக்கே தெரியும். டயர மாட்டும்போதே அந்த அண்ணன் சொல்லிடுச்சி, இது உங்க மிஸ்ஸு டயருன்னு. யார்கிட்டயும் சொல்லாத, மிஸ் பாவம்னிச்சி."

அப்படியானால் காரில் நான் அவரைத் திட்டியபோது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். தெருவில் நான் பெரிய மனசோடு பேசியபோதும் அவள் என் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள்.

"ஏம்மா நீ கேக்கலை?" என்றேன்.

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன் மிஸ்" என்று மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு டிரைவரின் வண்டி பழையபடி ஓட ஆரம்பித்தது. அவளுடைய அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார், டிரைவர் மேல் தப்பில்லை என்று. என் பெயரைச் சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது; ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. மீன் கொண்டுவரும்போது முன்போலவே எனக்கு நல்லதாகப் பார்த்துத்தான் எடுத்து வைக்கிறார். அது மன்னிப்பா, வியாபாரமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என் காருக்கு இன்னும் நாலு வருஷத்துக்கு எஃப்.சி. இருக்கிறது. சின்னக் குறைகள் கணக்கில் வருமா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது.

அவள் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் சேர்ந்து படிக்கிறாள். இந்த வருஷம் மறுபடி அந்தத் தேர்வை எழுதப்போகிறாள். சனிக்கிழமைகளில் கணக்குச் சந்தேகம் கேட்க என் வீட்டுக்கு வருகிறாள். அதே மிஸ், அதே மரியாதை. ஒன்றுதான் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நான் ஒரு விடையைச் சொன்னால் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வாள். இப்போது நான் சொன்ன விடையை ஓரத்தில் சின்னதாக எழுதிவைத்துக்கொண்டு, தானே ஒருதரம் முதலிலிருந்து போட்டுப் பார்த்து, சரியாக வந்த பிறகுதான் நோட்டில் ஏற்றுகிறாள். ஒரு கணக்கு டீச்சர் தன் மாணவிக்கு இதைவிட நல்லதாக எதையும் கற்றுக்கொடுத்துவிட முடியாது. ஆனால் அவள் பென்சில் என் விடையைச் சரிபார்த்துக்கொண்டு போகிற அந்த இரண்டு நிமிஷமும் என்னால் அவள் எதிரில் உட்கார முடிவதில்லை, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.